அரிசி நாலு, உளுந்து ஒன்று! பரீட்சைக் கணக்கு அடுப்பங்கரையில் இருக்கிறது

மயிலாப்பூரில் ஒரு சின்ன வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு மணி 10. தெருவில் சந்தடி அடங்கிவிட்டது. கூடத்தில் மட்டும் விளக்கு எரிகிறது. விளக்கடியில் ஒரு பெண் புத்தகமும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னம்மா, இன்னும் தூங்கவில்லையா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா அடுப்பங்கரையிலிருந்து வருகிறாள்.

"ஒரே ஒரு கணக்கு, அம்மா. வரவே மாட்டேன் என்கிறது."

"எங்கே, படி பார்ப்போம்."

மகள் படிக்கிறாள்: "15 ஆயிரம் ரூபாயை இருவருக்கு 4-க்கு 1 என்ற விகிதத்தில் பங்கிட்டால், பெரிய பங்கு எவ்வளவு?"

அம்மா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். விகிதம் என்ற சொல் அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் அவள் பயப்படவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டார் எல்லோரும் வருகிறார்கள். இட்லிக்கு 15 டம்ளர் ஊறப் போட வேண்டும். அரிசி எத்தனை? உளுந்து எத்தனை?"

"அரிசி 12, உளுந்து 3."

"எப்படிச் சொன்னாய்?"

"நாலுக்கு ஒன்றுதானே போடுவோம்? ஆக ஐந்து பங்கு. 15-ஐ ஐந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு மூன்று. நாலு பங்கு..."

மகள் பேச்சை நிறுத்தினாள். புத்தகத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"பன்னிரண்டாயிரம்!" என்றாள்.

இந்தத் தாயும் மகளும் கற்பனை. ஆனால் இப்படிப்பட்ட வீடுகள் கற்பனை அல்ல. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இன்று இந்த விளக்கு எரிகிறது. ஒரு சர்க்கார் உத்தியோகம் கிடைத்தால் குடும்பமே தலை நிமிரும் என்ற நம்பிக்கையில் பிள்ளைகள் இரவெல்லாம் படிக்கிறார்கள்.

அந்த நம்பிக்கைக்குக் குறுக்கே நிற்பது பல பேருக்குக் கணக்குத்தான். அதிலும் விகிதக் கணக்கு என்றால் கை தானாகப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறது.

ஓர் இடத்துக்கு 350 பேர்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் நான்காம் தொகுதித் தேர்வை, "குரூப் 4" என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். 1929-ம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்கென ஏற்படுத்தப்பட்ட பணியாளர் ஆணையத்தின் வழி வந்தது இந்தத் தேர்வாணையம்.

கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பதவிகளுக்கு இந்தத் தேர்வின் மூலம் ஆள் எடுக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் தேறியவர்கள் எழுதலாம்.

2025-ம் ஆண்டு ஜூலை 12-ந்தேதி இந்தத் தேர்வு நடந்தது. முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. மனுப் போட்டவர்களோ 13 லட்சத்துக்கும் மேல்! கணக்குப் போட்டால் ஓர் இடத்துக்குச் சுமார் 350 பேர் வருகிறார்கள்.

பார்த்தீர்களா? போட்டியின் கடுமையைச் சொல்வதற்கே ஒரு விகிதக் கணக்கு வேண்டியிருக்கிறது!

கேள்விகள் 200. மொத்தம் 300 மார்க்கு. கேள்விக்கு ஒன்றரை மார்க்கு. நேரம் மூன்று மணி. தமிழில் 100 கேள்விகள். பொது அறிவில் 75. மீதி 25 கேள்விகள் கணக்கும் புத்திக்கூர்மையும். இந்த 25-க்கு முப்பத்தேழரை மார்க்கு.

350 பேர் முட்டி மோதும் இடத்தில் ஒன்றரை மார்க்கு சின்ன விஷயம் அல்ல. ஒரு கேள்வியில் முந்துகிறவர், வரிசையில் பல பேரைத் தாண்டிப் போய்விடுகிறார். "கணக்கு எனக்கு வராது" என்று 25 கேள்விகளையும் விட்டுவிடுகிறவர், ஓட்டப் பந்தயத்தில் ஒரு காலைக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்.

ஆனால் விகிதக் கணக்கு வராத மனிதர் யாருமே இல்லை. சமைக்கிறவர், சாமான் வாங்குகிறவர், வீடு கட்டுகிறவர் எல்லோரும் நாள்தோறும் அதைப் போடுகிறார்கள். புத்தகத்தில் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அதுதான் வித்தியாசம்.

இதற்குச் சாட்சி வேண்டுமா? சென்னையில் மூன்று பேட்டைகளைச் சுற்றி வந்தால் போதும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு. இந்த மூன்றிலும் விகிதக் கணக்கு முழுவதும் இருக்கிறது.

மயிலாப்பூர்: மாறாதது எது?

முதலில் மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் நடந்தால் காய்கறியும் பூவும் காபித்தூளும் மணக்கும்.

காய்கறிக் கடையில் முதல் பாடம். 2 கிலோ தக்காளிக்கும் 250 கிராம் மிளகாய்க்கும் என்ன விகிதம்?

அவசரக்காரர் "2-க்கு 250" என்று எழுதுவார். சுருக்கினால் 1-க்கு 125 என்று வரும். அப்படியானால் மிளகாய் தக்காளியைப் போல் 125 மடங்கு! அந்தக் குழம்பை யார் சாப்பிடுவது?

ஒன்று கிலோ, மற்றொன்று கிராம். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். 2 கிலோ என்பது 2,000 கிராம். 2,000-க்கு 250 என்றால் 8-க்கு 1. இதுதான் சரி. ரூபாயும் பைசாவும், மணியும் நிமிஷமும், மீட்டரும் சென்டிமீட்டரும் சேர்ந்து வந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

அடுத்தது காபித்தூள் கடை. காபியும் சிக்கரியும் கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள். நூற்றுக்கு 80 காபி, 20 சிக்கரி என்று ஒருவர் கேட்கிறார். அதாவது 4-க்கு 1. இட்லி மாவின் விகிதமே காபித் தூளிலும் வந்துவிட்டது!

அரைக் கிலோ தூள் வாங்கினால் ஐந்து பங்கு. ஒரு பங்கு 100 கிராம். காபி 400 கிராம், சிக்கரி 100 கிராம்.

இங்கே பரீட்சை ஒரு முடிச்சுப் போடுகிறது. "இந்தக் கலவையில் காபியை மட்டும் கூட்டி, 9-க்கு 1 ஆக்க வேண்டும். எவ்வளவு காபி சேர்க்க வேண்டும்?"

பல பேர் இங்கேதான் பேனாவை வைத்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். ஒரே ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் மாறாதது எது?

சிக்கரி மாறவில்லை. அது 100 கிராமாகவே இருக்கிறது. புது விகிதத்தில் சிக்கரி ஒரு பங்கு. ஆகவே ஒரு பங்கு என்பது 100 கிராம். காபி ஒன்பது பங்கு. அதாவது 900 கிராம். ஏற்கனவே 400 இருக்கிறது. இன்னும் 500 கிராம் சேர்த்தால் போதும்.

பாலில் தண்ணீர் கலக்கும் கணக்கும் இதேதான். தண்ணீரைக் கூட்டினால் பால் மாறாது. மாறாததைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வந்துவிடும்.

தியாகராய நகர்: கூடுமா, குறையுமா?

மயிலாப்பூரிலிருந்து மேற்கே வந்தால் தியாகராய நகர். உஸ்மான் சாலையில் வரிசையாக நகைக் கடைகள்.

சுத்தத் தங்கம் 24 காரட். நகை செய்வது பெரும்பாலும் 22 காரட்டில். அதாவது 24 பங்கில் 22 பங்கு தங்கம். மீதி 2 பங்கு செம்பு முதலிய வேறு உலோகம். 22-க்கு 2 என்பதைச் சுருக்கினால் 11-க்கு 1. நகையில் பொறித்திருக்கும் 916 என்ற எண்ணும் இதைத்தான் சொல்கிறது. ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம்.

இப்போது கேள்வி: "48 கிராம் நகையில் தங்கமும் மற்ற உலோகமும் 11-க்கு 1. மற்ற உலோகம் எத்தனை கிராம்?"

48-ஐ 11-ஆல் வகுக்கக் கூடாது. 11-ம் 1-ம் சேர்ந்தால்தான் முழு நகை. மொத்தம் 12 பங்கு. 48-ஐ 12-ஆல் வகுத்தால் 4. மற்ற உலோகம் 4 கிராம், தங்கம் 44 கிராம். ஆறு சவரன் நகை வாங்கும் பெண்களுக்கு இது பரீட்சைக்கு மட்டும் உதவும் கணக்கு அல்ல!

சற்று நடந்தால் ரங்கநாதன் தெரு. தீபாவளி நெருங்கினால் அங்கே கால் வைக்க இடமிருக்காது. துணி எடுத்தவர்கள் தையற்கடைக்கு ஓடுவார்கள். அங்கே ஒரு கணக்கு.

"12 தையற்காரர்கள் ஒரு வேலையை 15 நாளில் முடிப்பார்கள். அதே வேலையை 10 நாளில் முடிக்க எத்தனை பேர் வேண்டும்?"

பழக்க தோஷத்தில் பல பேர் குறுக்கே பெருக்குவார்கள். 15 நாளுக்கு 12 பேர் என்றால், 10 நாளுக்கு 8 பேர் என்று எழுதுவார்கள். கொடுத்திருக்கும் விடைகளில் 8-ம் இருக்கக்கூடும். இதோ விடை இருக்கிறதே என்று சந்தோஷமாகக் குறித்துவிட்டு வருவார்கள். ஒன்றரை மார்க்கு போயிற்று!

ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் ஆளைக் குறைப்பார்களா, கூட்டுவார்களா? கூட்டத்தான் வேண்டும். ஆகவே விடை 12-க்கு மேல் இருக்க வேண்டும். 8 ஒருநாளும் விடையாகாது.

சரியான வழி இதோ. ஒரே ஆள் செய்வதானால் மொத்தம் 12 பெருக்கல் 15, அதாவது 180 நாள் வேலை. அதை 10 நாளில் முடிக்க 18 பேர் வேண்டும்.

ஒன்று கூடினால் மற்றதும் கூடுவது நேர் மாறல். துணி கூடினால் விலை கூடும். ஒன்று கூடினால் மற்றது குறைவது எதிர் மாறல். ஆள் கூடினால் நாள் குறையும். பள்ளிப் புத்தகத்தில் இந்தப் பெயர்களில்தான் படித்திருப்பீர்கள்.

நேர் மாறல் என்றால் வகுத்து ஒன்றின் மதிப்பைக் கண்டுபிடியுங்கள். எதிர் மாறல் என்றால் பெருக்கி மொத்தத்தைக் கண்டுபிடியுங்கள். பென்சிலை எடுப்பதற்கு முன் "கூடுமா, குறையுமா?" என்று கேட்டுக்கொண்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

அடையாறு: நடுவில் நிற்கும் மணல்

மூன்றாவது அடையாறு. பழைய வீடுகளை இடித்துவிட்டு அடுக்கு மாடிகள் எழும்பும் பேட்டை. ஒரு கட்டிடத்தின் அருகில் நின்று பாருங்கள். சிமெண்டு, மணல், ஜல்லி மூன்றையும் கலக்கிறார்கள்.

சிமெண்டுக்கும் மணலுக்கும் 1-க்கு 2. மணலுக்கும் ஜல்லிக்கும் 1-க்கு 2. மூன்றுக்கும் சேர்த்து என்ன விகிதம்?

"1, 2, 2" என்று சொன்னால் மேஸ்திரி சிரிப்பார். முதல் கணக்கில் மணல் 2 பங்கு. இரண்டாவது கணக்கில் மணல் 1 பங்கு. ஒரே மணல் இரண்டு அளவாக இருக்க முடியுமா? இரண்டாவதை இரட்டிப்பாக்குங்கள். மணல் 2, ஜல்லி 4. இப்போது மணல் இரண்டு இடத்திலும் 2 ஆகிவிட்டது. விடை: 1, 2, 4. கான்கிரீட்டுக்கு வெகுகாலமாக வழங்கி வரும் கலவைகளில் இது ஒன்று.

35 சட்டி கலவை வேண்டுமானால் மொத்தம் ஏழு பங்கு. ஒரு பங்கு 5 சட்டி. சிமெண்டு 5, மணல் 10, ஜல்லி 20.

பரீட்சையில் மணலுக்குப் பதில் "பி" என்று எழுதியிருப்பார்கள். "ஏ-க்கும் பி-க்கும் 2-க்கு 3. பி-க்கும் சி-க்கும் 4-க்கு 5" என்பார்கள். நடுவில் நிற்கும் பி-ஐச் சமமாக்குங்கள். முதலில் 3, பிறகு 4. இரண்டுக்கும் பொதுவான எண் 12. முதல் விகிதத்தை நாலால் பெருக்கினால் 8-க்கு 12. இரண்டாவதை மூன்றால் பெருக்கினால் 12-க்கு 15. விடை: 8, 12, 15. அவ்வளவுதான்!

முன்னோர் சொத்து

இந்தக் கணக்கு வெளியிலிருந்து வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். தெரிந்த மூன்று எண்களை வைத்துத் தெரியாத நாலாவதைக் கண்டுபிடிக்கும் முறைக்குத் திரைராசிகம் என்று பெயர். கி.பி. 499-ல் ஆரியபட்டர் இதை எழுதி வைத்தார். 1150-ல் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதியிலும் இது விரிவாக வருகிறது. தமிழில் காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தில் நெல்லும் நிலமும் பொன்னும் கணக்காகவே வருகின்றன.

1957-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியில்தான் ரூபாய்க்கு 100 நயா பைசா வந்தது. அதற்கு முன்பு ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா. அந்தக் காலத்துப் பாட்டிமார் வாசலில் நின்றபடியே "அணாவுக்கு நாலு கத்தரிக்காய் என்றால் முக்கால் ரூபாய்க்கு எத்தனை?" என்று மனக்கணக்காகச் சொல்வார்கள். முக்கால் ரூபாய் 12 அணா. விடை 48. அந்தப் பாட்டிமாருக்கு இன்றைய பரீட்சைக் கணக்கு விளையாட்டாக இருந்திருக்கும்.

கடிகாரத்தோடும் ஒரு கணக்கு

கணக்குத் தெரிந்தும் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. காரணம் நேரம். மூன்று மணி நேரம் என்பது 180 நிமிஷம். 200 கேள்விகளுக்குப் பங்கிட்டால் கேள்விக்கு 54 விநாடிதான். ஒரு நிமிஷம்கூட இல்லை.

இதையும் பங்கிட்டுக்கொள்ளத் தெரிய வேண்டும். தமிழ்க் கேள்விகள் 100. நன்றாகப் படித்தவர் கேள்விக்கு அரை நிமிஷம் என்று 50 நிமிஷத்தில் முடிக்கலாம். பொது அறிவு 75-க்கும் கேள்விக்கு ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டால் 75 நிமிஷம். மிச்சம் 55 நிமிஷம். கணக்கு 25-க்கும் இரண்டிரண்டு நிமிஷம் கிடைக்கிறது. சரிபார்க்க 5 நிமிஷம் கையில் நிற்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். தமிழ்ப் பகுதியில் குறைந்தது 60 மார்க்கு வாங்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். கணக்குப் புலியும் முதலில் தமிழில் தேற வேண்டும்.

வீட்டில் இடம் போதாதவர்களுக்கு அடையாறுக்குப் பக்கத்தில், கோட்டூர்புரத்தில், அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2010-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி திறக்கப்பட்டது. நம் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே அங்கே தனிப் பகுதி உண்டு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அங்கே நாள் முழுவதும் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

அம்மாவின் வயது

மறுபடியும் அந்த மயிலாப்பூர் வீட்டுக்குப் போவோம்.

"இன்னும் ஒரு கணக்கு, அம்மா. இது இட்லியும் அல்ல, காபியும் அல்ல" என்கிறாள் மகள்.

"சொல்."

"தாயின் வயதுக்கும் மகளின் வயதுக்கும் இப்போது 2-க்கு 1. பத்து வருஷத்துக்கு முன் 3-க்கு 1. இப்போது வயது என்ன?"

அம்மா சற்று யோசித்தாள்.

"நீ பிறந்தபோது எனக்கும் உனக்கும் எத்தனை வயது வித்தியாசமோ, இன்றைக்கும் அதே வித்தியாசம்தானே? அது மாறுமா?"

மகளுக்குப் பொறி தட்டியது. மாறாதது வித்தியாசம்!

இப்போது 2-க்கு 1. வித்தியாசம் ஒரு பங்கு. அப்போது 3-க்கு 1. வித்தியாசம் இரண்டு பங்கு. இரண்டையும் சமமாக்க, 2-க்கு 1 என்பதை 4-க்கு 2 என்று எழுதினாள். அப்போது 3-ம் 1-ம். இப்போது 4-ம் 2-ம். இருவருக்கும் ஒவ்வொரு பங்கு கூடியிருக்கிறது. அந்த ஒரு பங்குதான் பத்து வருஷம்.

"தாய்க்கு 40, மகளுக்கு 20."

திருப்பிச் சரிபார்த்தாள். பத்து வருஷத்துக்கு முன் 30-ம் 10-ம். 3-க்கு 1. சரி!

"அது நம் வயதுதானே!" என்று அம்மா சிரித்தாள்.

மகள் சிரிக்கவில்லை. பத்து வருஷத்துக்கு முன் தாயின் வயதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தவள், இன்று பாதி ஆகிவிட்டாள். வருஷம் ஏற ஏற அவள் தாயை நெருங்கிக்கொண்டே வருவாள். தாய் தூக்கிய பாரத்தில் அவளும் ஒரு பங்கு தூக்க வேண்டிய வயது வந்துவிட்டது.

"நீ போய்ப் படுத்துக்கொள், அம்மா. நான் இன்னும் நாலு கணக்குப் போட்டுவிட்டு வருகிறேன்" என்றாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு விளக்கு எரிகிறதா? கணக்குத் தெரியாது என்று ஒதுங்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். கேள்வியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை பங்கு, கூடுமா குறையுமா, மாறாதது எது என்று மூன்றே கேள்விகள் கேளுங்கள். மீதியைப் பிள்ளை போட்டுவிடும்.